அப்பாவின் சிங்கப்பூர்

எங்கள் வீட்டுக் கூரை மேலிருந்த ஆண்டெனா தெற்கு நோக்கியே நிற்கும். ஜொகூர் பாருவில் எங்கள் தாமானில் பல வீடுகளில் அப்படித்தான். கோலாலம்பூரைவிடச் சிங்கப்பூர்தான் எங்களுக்குப் பக்கம். கடலைத் தாண்டி வந்த அந்த அலைவரிசையில்தான் 'புவா சூ காங்' என்ற ஆங்கில நகைச்சுவைத் தொடரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். 1997 முதல் 2007 வரை ஒளியேறிய தொடர் அது. அது முடிந்தபோது எனக்கு நான்கு வயது. ஆகவே நான் பார்த்ததெல்லாம் மறுஒளிபரப்புதான்.

சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், காலில் மஞ்சள் நிற பூட்ஸ். குர்மிட் சிங் ஏற்று நடித்த அந்தச் சீனக் குத்தகையாளரைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிடும். வீடுகளைப் புதுப்பித்துக் கொடுப்பது அவர் தொழில். சிங்கப்பூரிலும் ஜேபியிலும் தன்னைவிடச் சிறந்த ஆள் இல்லை, பத்தாமிலும் சிலர் அப்படிச் சொல்கிறார்களாம் என்று பெருமையடித்துக் கொள்வார். 'ஜேபி' என்ற சொல் வந்ததும் நானும் தம்பியும் கைதட்டுவோம். இன்னொரு நாட்டின் தொலைக்காட்சியில் எங்கள் ஊர்ப் பெயர்! அப்பா கைதட்ட மாட்டார். சத்தமே வராமல் தோள்கள் குலுங்கச் சிரிப்பார்.

அப்பாவுக்கும் அதே துறைதான். ஆனால் அவர் குத்தகையாளர் அல்லர். சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் தரைக்கும் குளியலறைச் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுபவர். விடியற்காலை நான்கரை மணிக்கு அவருடைய மோட்டார் முடுக்கப்படும் சத்தம்தான் எங்கள் வீட்டுச் சேவல். கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஆனால் அதைக் கடக்க ஒரு மணி நேரமாகும், மழை பெய்தால் இரண்டாகும். பெருந்தொற்றுக்கு முன்பு ஒரு நாளில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்த பாலம் அது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், ஏதாவதொரு புளோக்கின் கீழுள்ள திறந்த தளத்தில் மழைச்சட்டையைத் தலைக்கு வைத்து, கம்பெனி லோரி வரும்வரை அப்பா தூங்குவார்.

இந்தப் பயணம் தொடரில் எங்குமே வராது. புவா சூ காங் வீட்டுக் கதவு திறக்கும், ஆட்கள் உள்ளே வருவார்கள், சிரிப்பொலி எழும். அண்ணன், தம்பி, இருவரின் மனைவிமார், அம்மா என்று எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தும் வரவேற்பறை விசாலமாகவே இருக்கும். அப்பா ஒருமுறை சொன்னார்: "ஹால்ல எவ்ளோ எடம் பாரு. நான் வேல செய்யுற பாத்ரூம்ல ரெண்டு பேரு குனிஞ்சா மூணாவது ஆளு வெளியதான் நிக்கணும்."

சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் ஏறக்குறைய நால்வர் வீவக அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். அந்த வாழ்க்கையைக் காட்டிய தொடர் 'அண்டர் ஒன் ரூஃப்'. 1995-இல் தொடங்கி 2003 வரை ஒளியேறியது. பீஷானில் ஒரு சீனக் குடும்பம். அண்டையில் மலாய்க்காரரும் இந்தியரும். எல்லாரும் எந்நேரமும் ஒருவர் வீட்டில் ஒருவர். உட்லண்ட்ஸில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் பள்ளி விடுமுறையில் போகும்போது நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அங்கே எல்லா வீட்டு இரும்புக் கதவும் பூட்டியே இருந்தது. "எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்கம்மா, யாரு கதவத் தெறந்து போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா?" என்றார் அத்தை. ஆனால் அவர் வீட்டுக்கு இடப்பக்கம் மலாய்க் குடும்பம், வலப்பக்கம் சீனக் குடும்பம் என்பது உண்மைதான். ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைக்கும் கொள்கை 1989 முதல் அங்கே நடப்பில் உள்ளது. சட்டம் மூன்று குடும்பங்களை ஒரே நடைபாதையில் குடிவைத்தது. தொடரோ கதவுகளையும் திறந்து வைத்துவிட்டது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு அத்தை அந்த இரண்டு கதவுகளையும் தட்டுவார். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அவை திறக்கும். நான் கண்ட உண்மை அந்த அளவில்தான் இருந்தது.

தொடரிலிருந்து நான் மொழியும் கற்றேன். தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்குப் புவா சூ காங்தான் ஆங்கில டியூசன் ஆசிரியர். தேசிய இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம் போனபோது, ஆங்கிலப் பாடத்தில் எழுந்து நின்று அவர் பாணியிலேயே ஒரு பதில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. "இது எந்த ஊர் ஆங்கிலம்?" என்று ஆசிரியர் கேட்டார். அவமானத்தில் அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. பின்னாளில்தான் தெரிந்தது, அந்தத் திட்டு எனக்கு முன்பே புவா சூ காங்குக்கும் விழுந்திருக்கிறது என்று. 1999 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங், அந்தத் தொடரின் கொச்சை ஆங்கிலம் மாணவர்களைப் பாதிக்கிறது என்று குறிப்பிட்டு, அந்தப் பாத்திரத்தை ஆங்கில வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஆனால் 2003-இல் சார்ஸ் வந்தபோதும் 2021-இல் தடுப்பூசி போட மக்களை அழைத்தபோதும் பாட்டுப் பாட அதே மஞ்சள் பூட்ஸ்காரர்தான் தேவைப்பட்டார். நெருக்கடியில் மக்கள் தங்கள் பேச்சைப் பேசுகிறவனைத்தான் நம்புகிறார்கள் போலும்.

நெருக்கடி எங்கள் வீட்டுக்கும் வந்தது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்குமுன் அப்பா ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தால் வேலை போகும். வேலையைக் காத்தால் வீடு போகும். ஒரு பையில் நான்கு சட்டைகளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். "ரெண்டு வாரந்தாம்மா" என்றார். இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஏப்ரலில் கட்டுமான வேலைகளும் நின்றன. அப்பாவோடு வேலை செய்த தமிழ்நாட்டு அண்ணன்மாரும் வங்காளதேசத்தாரும் தங்கும் விடுதிகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு சிங்கப்பூரில் தொற்றுக்கு ஆளானோரில் மிகப் பெரும்பாலோர் அந்த விடுதிவாசிகளே. அப்பா அத்தை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பழைய தொடர்களைப் பார்த்தார். பிறகு வேலை மெல்லத் தொடங்கியது. குறுகிய விடுப்பில் வந்து போக ஒரு வழி பிறந்தபோதும், தனிமைப்படுத்தும் நாள்களுக்குச் சம்பளம் கிடைக்காது என்று அவர் வரவில்லை.

தள்ளிப்போன எஸ்.பி.எம். தேர்வை நான் எழுதியது 2021 தொடக்கத்தில். தேர்வுக்கு முந்தின வாரம் தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் அந்தத் தொடரின் சிரிப்பொலி கேட்டது. அப்பாவும் சிரித்துக் கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"எல்லாம் பொய்ப்பா அது! எந்த முதலாளி வேலக்காரங்கள வீட்டுக்குள்ள உக்கார வச்சுப் பேசுறான்? உங்கள யாராவது அப்படிக் கூப்பிட்டாங்களா? அங்க மாட்டிக்கிட்டு, அவங்களையே பாத்துச் சிரிக்கிறீங்க!"

சற்று நேரம் சிரிப்பொலி மட்டும் கேட்டது. பிறகு அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

"பொய்னு தெரியும்மா. அந்தத் தரையப் பாத்தாலே தெரியுது, சும்மா போட்டு வச்ச தரை. ஆனா இவன் ஒருத்தன்தான் இந்த ஊர்ல நின்னுக்கிட்டு ஜேபின்னு சொல்றான். இங்க என்னைய எல்லாரும் 'மலேசியா'ன்னுதான் கூப்புடுறாங்க. இருவத்திரெண்டு வருசமாச்சு."

எனக்குப் பதில் வரவில்லை. "பரீட்சைக்கு நல்லா படிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வசனத்தில் எங்கள் ஊர் ஏன் வருகிறது என்பது வளர்ந்த பிறகு எனக்குப் புரிந்திருந்தது. ஜேபியிலும் பத்தாமிலும் சிறந்தவன் என்பது அப்படியொன்றும் பெரிய பெருமையில்லை. அதனால்தான் அங்கே சிரிப்பொலி வருகிறது. கேலி எங்கள் மீதும்தான். சிறு வயதில் அது தெரியாமல் கைதட்டினேன். தெரிந்த பிறகு கோபப்பட்டேன். அப்பாவுக்கு அது ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்துதான் சத்தமில்லாமல் சிரித்திருக்கிறார். ஒரு நகரத்தின் தரையைத் தன் கையால் போட்ட மனிதருக்கு, அந்த நகரத்தின் நகைச்சுவையில் தன் ஊர்ப் பெயர் ஒருமுறை வருவதே ஓர் அங்கீகாரமாக இருந்திருக்கிறது. அது போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அவர் சிரிப்பைப் பொய் என்று சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன்.

2022 ஏப்ரல் 1-இல் தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது. அந்த வாரக் கடைசியில் அப்பா வந்தார். தம்பி அவரைவிட உயரமாகியிருந்தான். அம்மா எதுவும் பேசாமல் மீன்குழம்பைச் சூடாக்கினார்.

சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து சிங்கப்பூர் போனேன். வழிகாட்டி நூல்களில் வரும் எந்த இடத்துக்கும் அவர் என்னை அழைத்துப் போகவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அடுக்குமாடிகளைக் காட்டினார். "அந்தா, ஒம்பதாவது மாடி, ஓரத்து வீடு. அடுப்படி நான் போட்டது. அங்க ஒரு சீனப் பாட்டி தெனமும் தேத்தண்ணி போட்டுக் குடுக்கும்." தோ பாயோவிலும் அங் மோ கியோவிலும் அவர் விரல் போன பக்கமெல்லாம் பார்த்தேன். சன்னல்களும் காய்கிற துணிகளும்தான் தெரிந்தன. அப்பாவுக்கு மட்டும் உள்ளே இருந்த தரைகள் தெரிந்தன.

நகைச்சுவைத் தொடர் நகரத்தை ஒரு கூடத்துக்குள் சுருக்கிவிடுகிறது. கூடத்துக்கு வந்து சேரும் வழியை அது காட்டுவதில்லை. வழியில் நிற்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். அவர்களை எழுதும் பொறுப்பும் நம்முடையதுதான்.

உங்கள் ஊரையும் ஏதோ ஒரு தொடர் காட்டியிருக்கும். அடுத்த முறை அதைப் பார்க்கும்போது உங்கள் அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். திரையைக் கொஞ்சம் விட்டுவிட்டு, அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள்.