டீஸ்டா கரையில் தலைகீழ் வரிசை

நவம்பர் 7, ரங்போ

சாலை வெட்டில் சாம்பல் பச்சைப் பாறை. தடவினால் வழவழப்பு, பிளந்தால் மினுமினுப்பு. ஃபில்லைட்தான். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நீருக்கடியில் படிந்த சேறு இது. இமயமலை எழும்பியபோது நசுங்கி, களிமண் கனிமங்கள் குளோரைட்டாகவும் பொடி மைக்காவாகவும் மாறி, அழுத்தம் வந்த திசைக்குக் குறுக்காகப் படுத்துவிட்டன. மணல் கலந்த வரிகள் மட்டும் பழைய படிவைக் காட்டுகின்றன. பாறை பிளப்பதோ அந்த வரிகளோடு ஒட்டாமல் வேறு சாய்வில். நான் நகராததைப் பார்த்து ஜீப் ஓட்டும் தாஜு ஹாரன் அடித்துவிட்டார்.

நவம்பர் 8, சிங்தம் தாண்டி

பச்சை குறைந்து கறுப்பு ஏறுகிறது: பயோடைட். நம் ஊர்க் காக்காப்பொன்னின் கறுப்பு வகை. தகடுகள் வெறுங்கண்ணுக்கே தெரிவதால் இதை ஷிஸ்ட் என்றே எழுதிக்கொண்டேன். மாலையில் மண்சரிவு, போக்குவரத்து நிறுத்தம். தகடுகள் சாலைப் பக்கம் சரிந்திருக்கும் இடங்களில் மலை நழுவாவிட்டால்தான் ஆச்சரியம்.

நவம்பர் 9

கார்னெட் வந்துவிட்டது! மிளகளவு சிவப்பு மணிகள். குளோரைட் தன் நீரை இழக்க, மிஞ்சிய இரும்பும் அலுமினியமும் சிலிக்காவோடு சேர்ந்து கார்னெட் ஆகின்றன. வெப்பம் 500 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்திருக்கும். எதுவும் உருகவில்லை, திடநிலையிலேயே இத்தனையும். லென்ஸில் பார்த்தால் மைக்கா தகடுகள் ஒவ்வொரு மணியையும் சுற்றி வளைந்து போகின்றன. மணி விளைந்த பிறகும் நசுக்கல் ஓயவில்லை.

நவம்பர் 11, மங்கன் அருகே

கயனைட், நீலப் பட்டைகளாக. பேனாக்கத்தியால் நீளவாக்கில் கீறினேன், கோடு விழுந்தது. குறுக்கே கீறினால் கத்திதான் வழுக்குகிறது. ஒரே படிகத்துக்கு இரண்டு கடினம்!

ஸ்காட்லாந்து மலைகளில் ஜார்ஜ் பாரோ 1893இல் இப்படிக் கனிமங்களை வைத்தே வெப்பப் பட்டைகளைப் பிரித்துக் காட்டினார். இங்கே அதே வரிசை தலைகீழ். படுகைகள் வடக்கே சாய்வதால், வடக்கே போகப்போக மேலடுக்குக்கு வருகிறோம். வெப்பம் குறைய வேண்டிய இடத்தில் கூடுகிறது. மேலேறி வந்த சூடான பாளம் கீழே கிடந்ததை வேகவைத்தது என்கிறார்கள் சிலர். அடுக்கே மடிந்து கவிழ்ந்தது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கும் என்றுதான் படுகிறது.

நவம்பர் 12, சுங்தாங் பாதை

கயனைட் போய், வெள்ளை இழைகளாகச் சில்லிமனைட். இன்னும் மேலே போனால் நைஸ், நடுநடுவே உருகி உறைந்த வெள்ளைக் கீற்றுகள். ஷிஸ்ட்டின் எல்லை இதுதான்.

மாணவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீலக் கயனைட்டுக்கு ஆசைப்பட்டு நேரே மங்கனுக்கு ஓடாதீர்கள். ரங்போவின் அந்த மங்கல் ஃபில்லைட்டில் தொடங்குங்கள்.