மாமாவின் ஆம்ப்ளிஃபயரும் நாகப்பட்டினத்து உப்புக் காற்றும்

நாகப்பட்டினத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் உதட்டை நாக்கால் தொட்டுப் பாருங்கள். லேசாக உப்புக் கரிக்கும். ஜன்னல் கம்பி, கேட்டு, சைக்கிள் செயின் என்று இந்த ஊரில் துருப்பிடிக்காத இரும்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "எங்க ஊர்ல எது வாங்குனாலும் பாதி நமக்கு, பாதி கடலுக்கு" என்பார் என் மாமா.

அந்த மாமாவுக்காகத்தான் போன மாதம் எழும்பூரில் காரைக்கால் எக்ஸ்பிரஸ் ஏறினேன். முதல் நாள் அம்மா போனில் சொன்னது ஒரே வரிதான். "உங்க மாமா அந்தக் கிடார் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடப் போறானாம்."

கிடார் பெட்டி என்று எங்கள் வீட்டில் சொல்வது மாமாவின் ஆம்ப்ளிஃபயரை. எலெக்ட்ரிக் கிடாரை அதில் சொருகித்தான் சத்தம் கேட்க வேண்டும். மாமாவிடம் இருப்பது காம்போ வகை. சத்தத்தைப் பெருக்கும் சர்க்யூட்டும் 12 இன்ச் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். 1990-களில் இன்னிசைக் குழுவில் வாசித்துச் சேர்த்த காசில் வாங்கியது. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, வேளாங்கண்ணித் திருவிழா நேரத்துக் கச்சேரி என்று டெல்டா முழுக்க அது மாமாவோடு வேன் ஏறியிருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது மாமா வீட்டு ஓடுகள் பறந்தன. பெட்டி விடிய விடிய நனைந்தது. மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை அது. மழைநாளில் பிரித்து வைத்த பிஸ்கட் மாதிரி ஊதி, ஓரமெல்லாம் உதிர்ந்துவிட்டது. அது போதாதென்று மாமாவுக்கு முதுகுத் தண்டில் பிரச்னை வந்தது. கனம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். பெட்டியின் எடை 20 கிலோ. கிடாரும் அதோடு சுவரில் ஏறிவிட்டது. வாசிப்பதை நிறுத்திய பிறகு மாமா பேசுவதும் குறைந்துவிட்டது என்று அத்தை என்னிடம் தனியாகச் சொன்னார்.

நாகப்பட்டினத்தைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. ராஜராஜ சோழன் காலத்தில் ஶ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம், 1658-ல் போர்த்துகீசியர்களிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், பக்கத்திலேயே நாகூர் தர்காவின் 131 அடி மினாரா. எனக்குப் பிடித்தது வேறு. பொன்மலை ரயில்வே பட்டறை இருக்கிறதே, அது முதலில் இருந்தது நாகப்பட்டினத்தில்தான். 1920-களில்தான் திருச்சிக்குப் போனது. பழுது பார்ப்பது இந்த ஊருக்குப் பழைய தொழில்.

வெளிப்பாளையத்தில் ஒரு மைக் செட் கடை. கட்டிக் கிடக்கும் குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அண்ணன், மாமாவோடு அந்தக் காலத்தில் கச்சேரிகளுக்குப் போனவர். ஆட்டோவில் வந்த பெட்டியை மேஜையில் வைத்து எட்டு ஸ்க்ரூ கழற்றினார். உள்ளிருந்து இரும்புத் தட்டோடு சர்க்யூட் மொத்தமும் வெளியே வந்தது. பிரஷ்ஷால் தூசி தட்டினார், மீட்டர் வைத்துப் பார்த்தார், கடையிலிருந்த வேறு ஸ்பீக்கரை மாட்டி கிடாரைத் தட்டச் சொன்னார். ணங்!

"இது சாவலைம்மா. வீடுதான் இடிஞ்சிருக்கு" என்றார்.

பெட்டியை மறுபடி அதே மாதிரி செய்தால் மறுபடியும் 20 கிலோ. அதனால் அவர் சொன்ன யோசனை, இரண்டையும் பிரித்துவிடுவது. சர்க்யூட்டுக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி, அதற்குப் பெயர் ஹெட். ஸ்பீக்கருக்குத் தனியாக இன்னொன்று, அது கேபினெட். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர்.

இது ஒன்றும் நாகப்பட்டினத்துக் கண்டுபிடிப்பு இல்லை. 1962-ல் லண்டன் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும், அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் என்ற காம்போவைப் பார்த்துத்தான் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார்கள். சர்க்யூட் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஹெட் தனி, நான்கு 12 இன்ச் ஸ்பீக்கர் வைத்த கேபினெட் தனி. ராக் மேடைகளில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும் மார்ஷல் பெட்டிகள் அங்கிருந்து வந்தவை. வேடிக்கை என்னவென்றால், கார் டிக்கியில் அடங்குகிற மாதிரி வேண்டும் என்று எரிக் கிளாப்டன் கேட்டதால்தான் அதே மார்ஷல் பிறகு காம்போவும் செய்தார் என்று ஒரு கதை உண்டு. எல்லாம் தூக்குகிறவர் கஷ்டம்தான்!

மறுநாள் காலை அண்ணன் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கடுவையாற்றைத் தாண்டி அக்கரைப்பேட்டைக்குப் போனார். 2004 சுனாமியில் பெரிய இழப்பைக் கண்ட மீனவர் ஊர். துறைமுகப் பக்கம் வண்ண வண்ணமாகப் படகுகள், ஐஸ் உடைக்கிற சத்தம், கருவாட்டு வாசம். படகுக்கு மரவேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் மிச்சமான மெரைன் பிளைவுட் இருந்தது. தண்ணீரைத் தாங்கும் பசை போட்டு ஒட்டிய பலகை. சென்னையில் இருந்திருந்தால் இந்த யோசனையே எனக்கு வந்திருக்காது. கடல் தின்ற பெட்டிக்குப் பதிலாக, கடலில் போகிற பலகை.

ஆசாரி அளவு கேட்டார். இரும்புத் தட்டின் நீள அகலத்தோடு, மேலே நாலு விரல், பின்னால் நாலு விரல் இடம் விடச் சொன்னார் அண்ணன். காம்போவின் முதுகு திறந்திருந்ததால் சூடு தானாக வெளியேறியது. சின்னப் பெட்டியில் அடைத்தால் சர்க்யூட் வெந்துபோகும். கைப்பிடியையும் நடுவில் வைக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பக்கம்தான் கனம் என்பதால், அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். தூக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது, பெட்டி கொஞ்சம்கூடச் சாயவில்லை. மேலே ஒட்டும் கறுப்பு ரெக்சின், ஆட்டோ சீட் தைக்கும் கடையில் கிடைத்தது.

மின் வேலை பார்க்கச் சின்னது. ஸ்பீக்கருக்குப் போன ஒயரை வெட்டி, ஹெட்டின் பின்னால் ஒரு ஜாக் வைக்க வேண்டும். ஆனால் இரும்புத் தட்டில் படாத பிளாஸ்டிக் ஜாக்தான் போட்டார். சில சர்க்யூட்டுகளில் ஸ்பீக்கரின் எந்த முனையும் தட்டில் படக் கூடாதாம். நடுவில் போகிற ஒயரும் கிடார் ஒயர் இல்லை. அது மெல்லியது, சூடாகிவிடும். தடிமனான இரட்டை ஒயர்தான்.

பிறகு அவர் ரொம்ப நேரம் விளக்கியது ஓம் கணக்கை. மாமாவின் ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் செய்தது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்கவாட்டாக இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். இந்த டிரான்சிஸ்டர் செட் தன் சக்திக்கு மேல் கரன்ட்டைத் தள்ளிச் சூடேறிக் கருகிவிடும். பழைய வால்வு செட் என்றால் ஆபத்து வேறு மாதிரி. ஸ்பீக்கரே மாட்டாமல் ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். "யூடியூப் பார்த்துட்டு வால்வு செட்ல கை வைக்கிறேன்னு யாரும் கிளம்பிடாதீங்க, இதையும் எழுதும்மா" என்றார். எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாம் மாட்டி ஸ்விட்ச் போட்டார். மாமா கிடாரோடு ஸ்டூலில். "ம்ம்ம்ம்..." என்று ஒரே இரைச்சல். மாமா முகம் சுருங்கியது. "விடுப்பா, அதுக்கும் வயசாயிடுச்சு" என்று எழுந்தேவிட்டார்.

அண்ணன் அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தார். குற்றவாளி, எதிரொலி கொடுக்கும் டப்பா. அதற்குள் நீளமான ஸ்பிரிங் இருக்கும். சத்தம் அதன் வழியாக ஓடி வரும்போதுதான் கோயில் மண்டபத்தில் வாசிப்பது போன்ற முழக்கம் கிடைக்கும். பழைய பெட்டியில் அது டிரான்ஸ்ஃபார்மரை விட்டுத் தள்ளி, அடியில் இருந்தது. புதுப் பெட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. டிரான்ஸ்ஃபார்மரின் காந்த இரைச்சலை டப்பா அப்படியே உறிஞ்சியிருக்கிறது. டப்பாவைக் கழற்றித் திருப்பி, சத்தத்தை வாங்கும் முனையை எதிர்ப்பக்கம் வைத்தார். இரைச்சல் காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும் அளவுக்கு அடங்கியது.

மாமா முதலில் மூன்று கம்பிகளை மட்டும் தட்டினார். பிறகு ஒரு இளையராஜா பாட்டின் முன்னிசை. விரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நான் வீடியோ எடுக்க மறந்துவிட்டேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவள் வெளியே சொல்லக் கூடாத விஷயம்!

ஹெட் மட்டும் 7 கிலோ. மாமா ஒற்றைக் கையால் தூக்கி டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்னால் வைத்துக்கொண்டார். கேபினெட் மைக் செட் கடையிலேயே இருக்கட்டும், கச்சேரி என்றால் வேனில் வந்துவிடும் என்று ஏற்பாடு. மொத்தச் செலவு 2,800 ரூபாய். அதில் அண்ணன் கூலியாக வாங்கிக்கொண்டது 500 மட்டும். ஹெட்டின் பின்னால் வெள்ளை மார்க்கரில் பெரிதாக எழுதியும் கொடுத்தார், '8-க்குக் கீழே கூடாது'.

சென்னை திரும்பி ஒரு வாரம் இருக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு மாமாவிடமிருந்து போன். பின்னால் யாரோ "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, இங்க மேடையில இருக்குற பாக்ஸுக்குப் பின்னாடி 8 ஓம்னு போட்டிருக்கு. சொருகலாமா?"

"ஒண்ணுதானே இருக்கு மாமா?"

"ஒண்ணுதான்."

"சொருகுங்க."