முடிச்சூரா, பெருங்களத்தூரா?

குடும்பத்தோடு தாம்பரம் பக்கம் குடிவர நினைப்பவர்கள் முதலில் வாடகையைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்குவேன். 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் படகு ஓடியது. 'அது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை' என்று வீட்டுத் தரகர்கள் சமாதானம் சொல்வார்கள். ஆனால் எட்டே ஆண்டுகளில், 2023 மிக்ஜாம் புயலின்போது, முடிச்சூரில் மறுபடி வெள்ளம். நூறாண்டுக் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆற்றை அகலப்படுத்தியிருக்கிறார்களே என்றால், உண்மைதான். அதனால் பள்ளமான தெரு மேடாகிவிடாது.

அதற்காக முடிச்சூரே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பெருங்களத்தூரிலும் மழைக்குத் தேங்கும் தெருக்கள் உண்டு, முடிச்சூரிலும் நனையாத மேடுகள் உண்டு. ஊர்ப் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதில்தான் தவறு இருக்கிறது. தெருமுனைப் பெட்டிக்கடையில் 'தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?' என்று கேட்டால், விற்பனைத் துண்டறிக்கை சொல்லாததைச் சொல்வார்கள். சுவரில் கறை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தெரு சமமென்றால் பெருங்களத்தூருக்கே என் ஓட்டு. அங்கே மின்ரயில் நிலையம் இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் பக்கம். முடிச்சூரிலிருந்து ரயிலைப் பிடிக்கவே பேருந்தோ ஷேர் ஆட்டோவோ வேண்டும். வாடகை குறைவுதானே என்பவர்கள், வீட்டில் இருவர் வேலைக்குப் போனால் அந்த ஆட்டோக் காசை மாதக் கணக்கில் பெருக்கிப் பார்க்கட்டும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.