உகந்ததே உயர்ந்தது

பேரையூரைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் கழிந்து வெகு நாளாகிவிட்டது. விடியற்காலையில் பால் கேனைச் சுமந்து செல்வதும், பகலில் உர மூட்டையையும் விதைப் பருத்தியையும் காட்டுக்குக் கொண்டு சேர்ப்பதும், மாலையில் டி. கல்லுப்பட்டியிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வருவதும், நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் ஆகிய அத்தனை காரியங்களுக்கும் ஒரு குடும்பம் நம்பியிருப்பது பெரும்பாலும் அந்த ஒற்றை வண்டியைத்தான். கோடையிலே புழுதியும், ஐப்பசி மழையிலே சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடாத கரிசல் சேறும் அதைச் சோதிக்கின்றன. இவ்வளவு உழைக்கும் யந்திரத்தின் பராமரிப்பை, பட்டறைக்குப் போக அவகாசமில்லாத சமயங்களில், வீட்டு வாசலில் வேப்பமர நிழலிலேயே செய்துகொள்ளும் பழக்கம் நம்மவரிடையே வேரூன்றியிருப்பது இயற்கையே.

ஆயில் மாற்றுவதும், பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், செயினை இறுக்குவதும் கையில் நாலு ஸ்பானரும் மனத்திலே சிறிது பொறுமையும் உள்ள எவரும் பழகிக்கொள்ளக்கூடிய வேலைகளே. ஆனால் அந்த வேலைக்கு முன்னால், கடை வாசலில் நின்று செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. எந்த எண்ணெய், எந்தப் பிளக், எந்தச் செயின் என்று தேர்ந்தெடுக்கும் அந்தக் காரியத்தில்தான் மனிதனுடைய விவேகம் பரீட்சைக்கு உள்ளாகிறது. விலை மிகுந்தது சிறந்தது என்று நம்புகிறவர் ஒரு சாரார். மலிந்தது போதும் என்று திருப்தியடைகிறவர் மற்றொரு சாரார். இருவரும் விலைச்சீட்டைப் பார்க்கிறார்களே தவிர வண்டியைப் பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு யந்திரத்துக்கு உயர்ந்த பொருள் எதுவென்றால், அதற்கு உகந்த பொருளே ஆகும்.

எங்கள் பகுதியின் உதிரிபாகக் கடை ஒன்றில் ஓர் இளைஞர் வந்து, "அண்ணே, விலை கூடின ஆயிலாக் குடுங்க. கார்ல ஊத்துறது ஏதாச்சும் இருந்தாலும் சரிதான்" என்று கேட்டதைக் கவனித்தேன். கடைக்காரர் அலமாரியின் பக்கம் திரும்பவே இல்லை. "என்ன வண்டி தம்பி? எந்த வருசத்து வண்டி?" என்று நிதானமாக வினவினார். வண்டியின் பெயரும் வருஷமும் தெரிந்த பிறகே அவர் கை அலமாரிக்குப் போயிற்று. விற்கிறவருக்கு லாபம் தரக்கூடிய பொருளைக் கேட்டு வந்தவரிடம், அதைக் கொடுக்காமல் வண்டியை விசாரித்த அந்த மனிதரின் தர்மம் என்னைக் கவர்ந்தது.

அவர் அவ்விதம் விசாரித்ததற்குத் தக்க காரணம் உண்டு. மோட்டார் காரில் இன்ஜினுக்கு ஒரு எண்ணெயும் கியர் பெட்டிக்கு வேறொரு எண்ணெயும் தனித்தனியே இருக்க, நம்முடைய சாதாரண மோட்டார் சைக்கிளிலோ இன்ஜின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் மூழ்கி வேலை செய்கின்றன. காருக்கென்று தயாரிக்கப்படும் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேர்க்கப்படுகின்றன. அவை காருக்கு நன்மை செய்பவையே. ஆனால் கிளட்ச் தட்டுகள் உராய்வின் பலத்தாலேயே ஒன்றையொன்று பற்றிக்கொள்பவை ஆதலால், அந்த எண்ணெயை இங்கே ஊற்றினால் பிடிப்புத் தளர்ந்து, ஆக்ஸிலேட்டரைத் திருகியும் வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் கத்துகின்ற நிலை ஏற்படலாம். இந்தத் தொல்லையைத் தவிர்ப்பதற்காகவே ஜப்பானியர் ஜாஸோ என்ற தர நிர்ணயத்தை வகுத்தார்கள். டப்பாவின் முதுகில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று காணப்பட்டால் அது எண்ணெயில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது, எம்.பி. என்றிருந்தால், உலர்ந்த கிளட்ச் உள்ள கியரில்லாத ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு உரியது.

எண்ணெயின் கெட்டித்தன்மையிலும் இதே நியாயந்தான். நம்முடைய வெயிலுக்குக் கெட்டியான எண்ணெயே தாங்கும் என்று எண்ணி, 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் உண்டு. முதல் எண் குளிரிலும் பின்னெண் 100 டிகிரி சூட்டிலும் எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதைக் குறிக்கின்றன. பழைய புல்லட் போன்ற யந்திரங்களுக்குக் கெட்டியான எண்ணெயைத் தயாரிப்பாளரே விதித்திருந்தார்கள். அதனால் அங்கே அது மருந்து. ஸ்ப்ளெண்டர் போன்ற நுண்ணிய இடைவெளிகள் கொண்ட சிறிய இன்ஜினில் அதே எண்ணெய், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேல்பாகங்களை எட்டத் தாமதித்து, ஓடும்போதும் வீண் பாரமாகி, மைலேஜையும் குறைத்துவிடும். அந்த வகை வண்டிக்கென்று 900 மில்லி டப்பாவே கடையில் கிடைக்கிறது. அந்த வண்டியில் காகித ஆயில் பில்டர் கிடையாது. ஒரு சல்லடையும், சுழற்சியால் கசடைப் பிரிக்கும் ஏற்பாடுமே உண்டு. ஆயில் மாற்றும்போதெல்லாம் புது பில்டரும் போட வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டறிந்து அந்த வண்டிக்காக அலைகிறவர், இல்லாத பொருளைத் தேடுகிறார். மாறாக, டிரெய்ன் போல்ட்டின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு வாஷரைக் கேட்டு வாங்குகிறவர் சிலரே. கசிவைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் அந்த வாஷரிடமே இருக்கிறது.

பிளக்கை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு பிளக்குகள் குணத்தில் நேர் விரோதமாக இருக்கக்கூடும். மரையின் நீளம் அதிகமானால் பிஸ்டனில் மோதக்கூடும். குறைந்தால் பொறி சரியான இடத்தில் பிறக்காது. அதனினும் நுட்பமானது வெப்ப எண். என்.ஜி.கே. வரிசையில் எண் ஏற ஏற, வெப்பத்தை விரைவில் வெளியேற்றும் குளிர்ந்த வகையாகிறது. மைக்கோ என்ற பெயரில் நம் மெக்கானிக்குகளின் நாவில் நிலைத்துவிட்ட பாஷ் வரிசையிலோ எண் ஏற ஏறச் சூடான வகையாகிறது. ஆகவே ஒன்றின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றொன்றை வாங்கினால் விபரீதந்தான். அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்த பிளக்கில் கரி படியும். அளவுக்கு மிஞ்சிச் சூடான பிளக்கோ தானே தணலாகி, உரிய நேரத்துக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்து இன்ஜினைச் சேதப்படுத்தும். கழற்றிய பிளக்கின் முனை வெளிர் பழுப்பு நிறமாக இருக்குமானால், அந்த இன்ஜினும் பிளக்கும் ஒத்துப்போகின்றன என்று பொதுவாகக் கொள்ளலாம்.

பிரேக்கின் விஷயத்தில் இந்த விவேகம் உயிரோடு சம்பந்தப்பட்டது. டிஸ்க் பிரேக்குக்கு உரிய திரவத்தில் டாட் 3, டாட் 4 என்பன கிளைகால் வகையைச் சேர்ந்தவை. அவை காற்றிலுள்ள ஈரத்தைத் தமக்குள் இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. டாட் 4 திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆகையால், திறந்து பாதி உபயோகித்து மூலையில் வைத்த பழைய புட்டியை மறுபடி நாடாமல், சீல் உடையாத சிறிய புட்டியை வாங்குவதே சிக்கனம். டாட் 5 என்பது எண்ணால் பெரியதாகத் தோன்றினாலும் அது சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்கத் தகாதது. பெரிய எண் மேலானது என்ற மயக்கம் இங்கே ஆபத்தாகவே முடியும். டிரம் பிரேக் வண்டிக்கு ஷூ வாங்கும்போதோ, ஒரே பெயருள்ள வண்டியிலேயே 110 மில்லிமீட்டர், 130 மில்லிமீட்டர் என்று டிரம்மின் அளவு வேறுபடுவதால், பழைய ஷூவைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதன் மேல் வைத்து ஒப்பிட்டு வாங்குவது உத்தமம்.

செயின் மட்டும் தேய்ந்தது என்று செயினை மட்டும் மாற்றுவதும் நம் பக்கத்துச் சம்பிரதாயம். பல் கூர்ந்துபோன பழைய ஸ்பிராக்கெட்டில் ஏறிய புதுச் செயின், தன் ஆயுளில் பாதியைக்கூடக் காணாமல் நீண்டுவிடும். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் ஆகிய மூன்றும் கூடிய செட்டாக வாங்குவதே முறை. செயினுக்கு இன்ஜினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பூசுகிறவர்கள், அந்த எண்ணெயில் மிதக்கும் இரும்புத்துகளையும் சேர்த்தே பூசுகிறார்கள். கரிசல் புழுதியோடு அது கலந்தால் செயினை அரைக்கும் பசையாகிவிடுகிறது. வண்டிப் புத்தகங்கள் பல சொல்கிற 90-ஆம் எண் கியர் ஆயிலைச் சிறிதளவு விட்டு, மிகுதியைத் துணியால் துடைத்தெடுப்பது போதுமானது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரையன்றி, உப்புக் கரைந்த போர்த் தண்ணீரை ஒருபோதும் விடலாகாது.

இவற்றையெல்லாம் சிந்திக்கும்போது, நமக்கு மிக அருகில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் நினைவு எழாமல் இராது. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் பொருளாதாரமும் கற்று, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தைத் தாங்கி நின்ற ஜே. சி. குமரப்பா, தம்முடைய இறுதி ஆண்டுகளை டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்திலே கழித்தார். ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதி 1945-இல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் உலகறிந்தது. பணத்தால் அளக்கும் விலை ஒரு பொருளின் மதிப்பு முழுவதையும் காட்டாது என்பதும், வாங்குகிறவனுக்கும் தார்மிகப் பொறுப்பு உண்டு என்பதும் அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கொள்கைகள். பெரிய தொழிற்சாலைகளின் பெருக்கத்தை அவர் விரும்பியவரல்லர். மோட்டார் சைக்கிளைவிட மாட்டு வண்டியையே அவர் ஆதரித்திருப்பார். ஆயினும், ஒரு பொருளை அறிந்து வாங்கி, அதை நீண்ட காலம் உழைக்கச் செய்வதை அவருடைய உபதேசத்துக்கு ஒத்ததென்றே நான் கருதுகிறேன். பராமரிப்பினால் பதினைந்து வருஷம் ஓடுகிற வண்டி, அதனளவில் இன்னொரு வண்டியின் தேவையை இல்லாமல் செய்கிறது.

வாங்குகிறவனுடைய பொறுப்பு பணத்தைக் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. போலிச் சாமான்கள் சந்தையில் நடமாடுகின்றன. பிரபலமான பெயர் தாங்கிய காலி டப்பாக்களே அப்போலிகளுக்கு உதவியாகின்றன. முத்திரையும் அச்சும் சரிபார்த்து, பில் கேட்டு வாங்குகிறவர், டப்பா காலியானதும் அதை வெட்டிச் சிதைத்துப் போடுவாரானால் பிறர் ஏமாறுவதையும் தடுத்தவராவார். வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ ஓடையிலோ கவிழ்த்தால் அது மழையோடு கண்மாய்க்கே போய்ச் சேரும். 2016-ஆம் வருஷத்து மத்திய அரசின் விதிகள் அதை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. அதே டப்பாவில் அடைத்துப் பட்டறையிலே ஒப்படைத்தால், மொத்தமாகச் சேகரிக்கிறவர்களிடம் அது சென்றுவிடும். அதன் பிறகு டப்பாவை வெட்டிப்போடலாம்.

தேர்ந்தெடுக்கும் திறமைக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. வண்டியோடு வந்த சிறு புத்தகம், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு வருஷம், கழற்றிய பழைய பாகம், இம்மூன்றையும் கடைக்குக் கொண்டுபோகிற சிரத்தை இருந்தால் போதும். முக்கியமாக 2020 ஏப்ரல் முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டபடியால், பெயரை மட்டும் சொல்லிச் சாமான் வாங்கும் காலம் முடிந்துவிட்டது. இன்னொன்றும் செய்ய வேண்டும். வாங்கிய எண்ணெயின் தரம், பிளக்கின் எண், மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். நம் ஊரில் வண்டிகள் தகப்பனிடமிருந்து மகனுக்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும், பிறகு பக்கத்து ஊர்க்காரருக்கும் கைமாறுகின்றன. யார் ஓட்டப்போகிறார் என்று அறியாமலே, இன்று நாம் செய்யும் தேர்வினால் அவருடைய பிரேக்குக்கும் நாம் பொறுப்பாளியாகிறோம். ஆதலால் வண்டியை விற்கும்போது சாவியோடும் ஆர்.சி.யோடும் அந்த நோட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதுவே வாங்குகிறவருக்கு நாம் செய்யும் நியாயம்.