பங்கு கேட்டல்

நாடுகள் பல கூடிச் சங்கம் அமைப்பதையும், அச்சங்கத்திற் சேரப் பிறிதொரு நாடு விண்ணப்பிப்பதையும் நாம் அரசறிவியல் வகுப்புகளிற் பயில்கின்றோம். அவற்றைப் பயிலுந்தோறும் என் நினைவு கற்பிட்டிக் கடற்கரைக்கே செல்கின்றது. பங்கு கேட்டல் என்பது எத்துணை நுண்ணிய செயல் என்பதை நான் முதன்முதல் அறிந்தது விரிவுரை மண்டபத்திலன்று, என் பாட்டனாரிடமே.

புத்தளம் கடலேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது கற்பிட்டித் தீபகற்பம். சோளகம் ஓய்ந்து கடல் அடங்கியதும் அதன் மேற்குக் கரையிற் கரைவலைத் தொழில் தொடங்கும். வலை வளைக்கும் கரைப்பகுதியைப் 'பாடு' என்பர். எப்பாட்டில் யார் வலை வளைக்கலாம், யார் முறை எப்போது வரும் என்பனவெல்லாம் வழக்கத்தால் அமைந்தவை. பிடிபடும் மீனும் பங்கு பங்காகவே பிரிக்கப்படும். புதியவர் ஒருவர் சேர்ந்தால் ஏனையோர் பங்கு குறையும். வலையிழுக்கும் கைகளோ கூடும். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தே அவர்கள் முடிவு செய்வர்.

என் பாட்டனார் இளைஞராயிருந்தபோது, அயற்கிராமத்தார் சிலர் கூட்டாக ஒரு வலை வாங்க எண்ணி அவரையும் பங்குக்கு அழைத்தனராம். அவர் அப்போது வேறொரு சம்மாட்டியிடம் தொழில் செய்தார். அழைப்பை ஏற்றால் சம்மாட்டி மனம் கோணுவாரோ என அஞ்சி, மறுமொழி கூறாது நாளைக் கடத்தினார். வலை அவரின்றியே கடலில் இறங்கியது. சில ஆண்டுகளின் பின்னர் அவர் தாமே சென்று பங்கு கேட்டார். "நீங்க நம்ம துறை ஆள் இல்லையே" என்பதே அவருக்குக் கிடைத்த விடை. இரு கிராமங்களுக்கும் இடைத்தூரம் இரண்டு கட்டைதான். அழைத்த நாளில் இல்லாத தூரம் கேட்ட நாளில் எங்கிருந்து வந்தது?

"மகன், அவங்க கூப்பிட்ட நேரம் நான் யோசிச்சேன், நான் கேட்ட நேரம் அவங்க யோசிச்சாங்க" என்று அவர் சொல்வார்.

நம் நாட்டின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1967 ஆகஸ்ட் 8ஆம் திகதி, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் பாங்கொக் நகரிற் கூடி ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்தன. சிங்கப்பூரின் சார்பிற் கையொப்பமிட்ட எஸ். இராஜரத்தினம் நம் வட்டுக்கோட்டையிற் பிறந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அக்காலத்தில் இலங்கையை ஆண்டது டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம். இலங்கை அன்றே சேர்ந்திருக்கலாம் என்பதில் உடன்படுவோர்கூட, அது ஏன் சேரவில்லை என்பதில் வேறுபடுவர். வந்த வாய்ப்பை நாம் தட்டிக்கழித்தோம் என்பார் ஒரு சாரார். விரும்பியும் காலந் தவறினோம் என்பார் மற்றொரு சாரார். எனினும் தயக்கத்தின் பின்னணி விளங்காததன்று. வியட்நாம் போர் மூண்டிருந்த காலம் அது. தாய்லாந்தும் பிலிப்பைன்சும் அமெரிக்காவின் கூட்டாளிகள்; அமெரிக்கப் படைத்தளங்களுக்கு இடமளித்தவை. அணிசேராமையைப் போற்றிய இலங்கைக்கு, அவற்றோடு ஒரே பாயில் அமர்வது உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஐயத்தை விளைவிக்கக்கூடியதாயிருந்தது. அஃதாவது, நமக்கும் ஒரு சம்மாட்டியின் மனக்கோணல் பற்றிய அச்சம் இருந்தது.

1977இன் பின்னர்ப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட இலங்கை, 1981இல் தானே முன்வந்து ஆசியானில் இடம் கேட்டது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. இலங்கை தென்கிழக்காசியாவைச் சார்ந்ததன்று என்பதே முன்னின்ற நியாயம். பாங்கொக் பிரகடனம், தென்கிழக்காசியப் பிரதேச நாடுகளுக்கே கதவு திறந்திருக்கும் எனக் கூறுவது உண்மையே. ஆயினும் அவ்வாசகம் 1967இலேயே எழுதப்பட்டதன்றோ? அதே 1981 ஏப்ரலில், தெற்காசிய ஒத்துழைப்புக்கென ஏழு நாடுகளின் வெளியுறவுச் செயலாளர்கள் முதன்முறையாகக் கூடியது கொழும்பிலேயே. அம்முயற்சி 1985இல் டாக்காவிற் சார்க் அமைப்பாக உருப்பெற்றது. ஒரே ஆண்டில் ஒரு வாசலில் விருந்தோம்பியும் மறு வாசலில் விண்ணப்பித்தும் நின்ற நாடு நாம்.

நாம் எப்பிரதேசத்தைச் சார்ந்தவர் என்னும் வினாவை எங்கள் கரையிடம் கேட்டால் அது வேறு விடை தரும். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கிய இபுனு பதூதா, கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், மாபர், மலபார் நாட்டார் துணி கொடுத்து அவற்றைக் கொண்டுசென்றதையும் எழுதியுள்ளார். அக்காலத்துக் கரைக்குப் பிரதேசம் என்பது கப்பல் சென்று திரும்பும் தூரமே. எல்லைக்கோடுகள் பிற்காலத்தவர் வரைந்தவை. வேண்டும்போது நீளவும் வேண்டாதபோது சுருங்கவும் வல்லவை.

ஆயினும் மறுக்கப்பட்டவர் மனக்குறையை மட்டுமே சுமந்து திரிதல் தகாது. திமோர்-லெஸ்தே 2011இல் ஆசியானுக்கு விண்ணப்பித்தது. அதன் பொருளாதாரமும் நிருவாகமும் பொறுப்புகளைத் தாங்குமா என்ற ஐயம் பல்லாண்டுகள் நிலவியது. 2022இற் கொள்கையளவில் இணக்கமும் பார்வையாளர் தகுதியும் கிடைத்தன. 2023இற் செய்யவேண்டியவற்றின் பட்டியல் கையளிக்கப்பட்டது. 2025 ஒக்டோபர் 26இற் கோலாலம்பூரில் அது பதினோராவது உறுப்பு நாடாயிற்று. பதினான்கு ஆண்டுப் பொறுமை அது. என் பாட்டனாரை மறுத்த அதே வலைக்குப் பின்னாளில் ஒருவர் பங்காளியாயினார். அவர் ஒவ்வொரு பருவமும் வந்து, கூலி பேசாது கயிறு திரித்தும் வலை பொத்தியும் வாடியில் உடனிருந்தவராம். "நான் வெறுங்கையோட போனேன்" என்று பாட்டனார் ஒருமுறை ஒத்துக்கொண்டார்.

இன்று நாம் மீண்டும் வாசல்களில் நிற்கின்றோம். ஆசியான் நாடுகளோடு சீனா, யப்பான், தென்கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியன இணைந்த பிராந்திய வர்த்தக உடன்படிக்கையிற் சேர 2023இல் இலங்கை விண்ணப்பித்தது. சிங்கப்பூருடன் 2018இலும் தாய்லாந்துடன் 2024இலும் தடையற்ற வர்த்தக உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. 2024இற் பிரிக்ஸ் அமைப்பிலும் இடம் கேட்டோம். இவற்றை நான் வெறுமனே வரவேற்கவும் மாட்டேன், பழிக்கவும் மாட்டேன். என் தமையன் புத்தளத்து இறால் பண்ணை ஒன்றிற் தொழில் செய்கின்றான். தாய்லாந்தும் வியட்நாமும் இறால் வளர்ப்பில் நம்மினும் பன்மடங்கு பெரியவை. கதவு திறப்பின் நம் இறால் வெளியே செல்லவும் வழியுண்டு. அவர்தம் இறால் உள்ளே வரவும் வழியுண்டு. அவன் வாழ்வு எப்பக்கம் சாயும் என்பது மேசையில் எழுதப்படும் ஒரு பட்டியலின் ஒரு வரியைப் பொறுத்தது. அவ்வரியை எழுதுவோர் அவனை ஒரு சொல் கேட்டதில்லை.

நாடும் வீடும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். பாட்டனாரின் தயக்கம் ஒரு குடும்பத்தைத்தான் தாக்கியது. அரசின் தயக்கமும் அவசரமும் கரை முழுவதையும் தாக்கும். ஆதலின் கேட்கப் புறப்படுமுன் வீட்டாரிடம் கேட்டறிதல் வேண்டும். கையில் எதைக் கொண்டு செல்கின்றோம் என எண்ணுதல் வேண்டும். அழைப்பு வரும் நாளில் விடை சொல்லும் துணிவும் வேண்டும். பாட்டனார் இன்றில்லை. அந்த வலையும் இன்றில்லை. சோளகம் ஓய்ந்ததும் அந்தப் பாட்டில் வேறெவரோ வலை வளைக்கின்றனர். அவர்கள் இழுக்கும் கயிற்றைக் காணும்போதெல்லாம், அழைக்கப்பட்ட அந்நாளில் அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றுதான் நினைக்கத் தோன்றுகின்றது.