கூட யார் வந்திருக்காங்க?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுக்கும்போது, கூட யார் இருப்பார்கள் என்று மூன்று முறை கேட்டார்கள். தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். "பொண்ணு, மருமக யாராவது?" மகன் இருக்கிறானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். 2021இல் தொடங்கிய திட்டம். ஆனால் முழங்கால் 90 டிகிரி மடங்க, அவர்கள் வராத நாளிலும் பயிற்சி வேண்டும். காலைப் பிடித்துவிட ஆள் வேண்டும். அதற்குக் காசு கொடுத்து ஓர் அக்காவை வைத்துக்கொண்டேன்.

தையல் பிரிக்கப் போக ஆட்டோ சரிப்படாது. காலை நீட்ட இடமில்லை. கார்தான். முன்சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்க வேண்டும். வாக்கரை மடித்து ஏற்றும் ஓட்டுநர் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைத்தவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

காருக்கு, அக்காவுக்கு, தனியாக வந்த பிசியோவுக்கு என்று ஆறு வாரத்தில் நோட்டில் 24,000 ரூபாய் ஏறியிருந்தது. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது இத்தனையையும் அம்மா நான்கு மாதம் செய்தாள். அப்போதே அவளுக்கு முழங்கால் வலி. யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.