இரண்டாவது கையெழுத்து

விமானங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் செயின்ட் எக்சுபரியைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆங்கில இலக்கியம் என்று பி.ஏ. வாங்கியவர்களுக்கு இப்படிச் சில ஊனங்கள் உண்டு. இரவு, மணல், நட்சத்திரம், தனியே ஒரு விமானி. 1935 டிசம்பரில் லிபியப் பாலைவனத்தில் அவர் விழுந்தபோது கூடவே ஒரு மெக்கானிக்கும் விழுந்தான். அதே தாகத்தோடு நடந்தான். பிரெவோ என்று பெயர். புத்தகத்தை மூன்று தடவை படித்தும், இதை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தேட வைத்தவன் என் பள்ளித் தோழன். திண்டிவனத்தில், வால்ட்டர் ஸ்கடர் பள்ளியில் ஒரே பெஞ்சு. பிளஸ் டூ முடித்ததும் விமானப்படைக்குப் போனான். ஜாலஹள்ளியில் ரேடியோப் பயிற்சி, பிறகு இருபது வருஷம் ஊர் ஊராக. வெளியே வந்ததும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஏதாவது பாங்கில் ஒட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். எங்கள் விழுப்புரம் கிளையிலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். இவன் லைசென்ஸ் பரீட்சைகள் எழுதிவிட்டு பப்புவா நியூகினியில் மவுன்ட் ஹேகனுக்குப் போய்விட்டான். அங்கே மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்பில் ஏவியானிக்ஸ் என்ஜினியர். விமானத்தில் பேசுவது, கேட்பது, திசையும் உயரமும் காட்டுவது, இவற்றுக்குள் ஓடும் அத்தனை கம்பிகளும் அவன் பாடு.

அந்த அமைப்பு 1945-ல் அமெரிக்காவில், யுத்தத்தில் விமானம் ஓட்டிய சில விசுவாசிகளால் தொடங்கப்பட்டது. நியூகினிக்கு 1951-ல் வந்தது. அதே வருஷம் அதன் முதல் விமானி ஹாரி ஹார்ட்விக் மலையில் மோதி இறந்தார். எண்ணூறுக்கு மேல் பாஷைகள் உள்ள தேசம். தலைநகரிலிருந்து மவுன்ட் ஹேகனுக்கு இன்றும் சாலை கிடையாது. மலைச்சரிவில் புல்லை வெட்டிப் போட்ட ஓடுதளங்கள். ஏறும் பக்கமாக இறங்க வேண்டும், இறங்கும் பக்கமாக ஏற வேண்டும். செஸ்னா காரவன் என்ற ஒற்றை என்ஜின் விமானத்தில் அரிசி, தகரம், பள்ளிக்கூடப் புத்தகம், வேதப் புத்தகம், காப்பிக்கொட்டை, வாத்தியார், நோயாளி, சமயத்தில் பிணம். வேலை செய்கிறவர்களுக்கு வருமானம் பெரும்பாலும் அவரவர் சபையாரும் நண்பர்களும் மாதாமாதம் அனுப்பும் காணிக்கைதான்.

சென்ற டிசம்பரில் விடுமுறையில் வந்திருந்தான். விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஈரத்தைப் பற்றியே பேசினான். அந்த ஊர் ஈரத்தில் கனெக்டர் ஊசிகள் பச்சை பூத்துவிடும். கரடுமுரடான தரையில் இறங்கி இறங்கி, எங்கோ ஒரு கம்பி உலோக விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். வி.எச்.எஃப். ரேடியோ நேர்கோட்டில் போவது, மலை குறுக்கே வந்தால் செத்தது. எச்.எஃப். அலை உயரே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி மலையைத் தாண்டி வரும், ஆனால் இரைச்சல். மோசமான பழுது எதுவென்றால், மேலே வந்து கீழே மறைந்துவிடுவது. ஹாங்கரில் எல்லாம் சரியாக இருக்கும். விமானி பொய் சொல்கிறான் என்றே தோன்றும். அப்போதுதான், தன் மீட்டரை விட்டுவிட்டு விமானியை நம்பி, கம்பி கம்பியாக அசைத்துப் பார்க்க வேண்டும் என்றான்.

நான் என் வழக்கமான இடத்துக்கு வந்தேன். மருந்தோடு மதத்தையும் ஏற்றிக்கொண்டு மலைவாசியிடம் இறங்கும் விமானம் எனக்கு உவப்பானதல்ல. இதைப்போலவே விமானங்களோடு பைபிள் மொழிபெயர்ப்பு நடத்திய சம்மர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிங்க்விஸ்டிக்ஸ் என்ற அமைப்பை 1981-ல் ஈக்வடார் அரசு வெளியேறச் சொன்னதை எடுத்துப் போட்டேன். அவனுக்கு அது தெரிந்திருந்தது.

"கேள்வி சரிதான்டா. ஆனா வெளியே போன்னு சொன்னாலும், போறதுக்கு விமானம் ஒழுங்கா பறக்கணும் இல்ல?"

"நீ நம்பறியா இல்லையா?"

"நம்பாம எதுக்குப் போறேன்? காலையில ஜெபம் பண்ணிட்டுத்தான் ஹாங்கரைத் திறப்போம். ஆனா லாக் புக்ல மீட்டர் சொன்னதைத்தான் எழுதுவேன்."

இந்த வாக்கியத்தை என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை. நம் விமர்சனத்தில் லாக் புக்கில் ஜெபத்தை எழுதுகிறவர்களே அதிகம். முற்போக்கு முகாமுக்கு ஒரு ஜெபம், சுத்தக் கலை முகாமுக்கு வேறொன்று. கவிதை என்ன காட்டுகிறது என்பது இரண்டாம்பட்சம். மதத்தைப் பற்றி அவனிடம் எனக்கிருந்த ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஆட்சேபிப்பவனின் கை சுத்தமா என்பது வேறு விஷயம்.

மிஷன்களைப் பற்றி எழுதும்போது நாம் பிரசங்கியையே பார்க்கிறோம். 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்த யோஹான் காட்லீப் ஆட்லர் எழுத்து வார்ப்பவர். ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதம் போதவில்லை. ஆட்லர் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார், பொறையாரில் காகித ஆலை வைத்தார். 1715-ல் முடிந்த புதிய ஏற்பாடு சீகன்பால்குவின் பெயரில் நிற்கிறது, நியாயமாகவே. ஆட்லரை அச்சு வரலாற்றுக்காரர்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போயிருந்தேன். அங்கே போனால் ஐடா ஸ்கடரைப் பற்றிப் பேசாமல் வர முடியாது. 1890களில் ஒரு ராத்திரி, அங்கே வைத்தியராக இருந்த தகப்பனாரோடு தங்கியிருந்த அந்தப் பெண்ணைத் தேடி ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்தார்கள். மூவர் வீட்டிலும் பிரசவம் சிக்கல். ஆண் வைத்தியரை உள்ளே விட மாட்டார்கள். பெண்ணோ வைத்தியம் படிக்காதவள். விடிவதற்குள் மூன்று பேரும் போய்விட்டார்கள். அவள் அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வந்து 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டு நாளாகப் பிரசவ வலியில் கிடந்த ஒருத்தியை மலையிலிருந்து ஏற்றி வந்த கதையைச் சொன்னான். அந்த விமானத்தின் எச்.எஃப். ஆன்டெனா கனெக்டரை முந்தின வாரம் அவன்தான் மாற்றியிருந்தான். நான் பரபரப்பானேன். மூன்று தட்டல்கள், ஒரு கனெக்டர், திண்டிவனத்துப் பையன்: கட்டுரை தானாகவே கூடிவிட்டது.

"கதை பண்ணாதே. நான் மாத்தலேன்னா அதைக் கீழே நிறுத்திட்டு வேற விமானம் அனுப்பியிருப்பாங்க. அவ்வளவுதான்."

புறப்படுவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தான். பழைய இதழ்களைப் புரட்டி, நான் எழுதிய ஒரு மதிப்புரையை முழுக்கப் படித்தான். ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுப்பைப் பற்றியது. கடுமையாக எழுதியிருந்தேன். அந்த இளைஞர் பிறகு எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை. அதற்கு என் மதிப்புரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வதுகூட ஒரு கர்வம்தான்.

"இதுக்கு ரெண்டாவது கையெழுத்து யாரு போட்டாங்க?" என்றான்.

ஆட்டோ பைலட்டின் மோட்டார் விமானத்தைத் திருப்பும் கம்பிவடங்களோடு இணைந்திருக்கும். அதில் கை வைத்தால், வேலை செய்தவன் கையெழுத்து மட்டும் போதாது. இன்னொருவர் முதலிலிருந்து தனியாகச் சோதித்துப் போட வேண்டும். புரிந்தது, எங்கள் பாங்கிலும் ஒருவர் பதிந்ததை இன்னொருவர் பார்த்தால்தான் பணம் நகரும்.

"ஆசிரியர்" என்றேன்.

"அவர் அந்தப் புஸ்தகத்தைப் படிச்சாரா?"

"என் கட்டுரையைப் படிச்சார்."

அவன் சிரிக்கவில்லை. காப்பி குடித்துவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸுக்குப் போனான். அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்தத் தொகுப்பை நான் முழுக்கப் படிக்காமலேதான் எழுதியிருந்தேன்.

விட்டுப்போன கடைசி இருபத்திரண்டு பக்கங்களை ஜனவரியில் படித்தேன். மூன்று கவிதைகள் நன்றாக இருக்கின்றன.